காது கேளாமை ஊனமா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா, அம்மா இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது, எனக்குக் கேட்கும். வீட்டில் முதலில் கற்ற மொழி சைகை. தமிழ் எனக்கு ஆயாவிடமிருந்தும் தெருவிலிருந்தும் வந்தது. இப்போது சைகை மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்தாலும் பள்ளிக்கூட வாசலில் நின்றாலும் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். காது கேட்கிற ஒருத்தியின் பதில்கள் இவை. உங்களுக்குப் பழக்கமான காது கேளாதவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நேராகச் சொல்லுங்கள். காது கேளாமை ஊனமா, இல்லையா?

சட்டப்படி ஆமாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. இரண்டு காதிலும் 70 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) இழப்பு இருந்தால் அந்தச் சட்டத்தில் அவர் காது கேளாதவர். 60 முதல் 70 வரை என்றால் குறைவாகக் கேட்பவர். நாம் எதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவதே 60 டெசிபல் சுமாருக்குத்தான் வரும்.

ஆனால் என் அப்பாவிடம் கேட்டால் "காது கேட்காது, அதற்கென்ன?" என்று கையை விரிப்பார். அவர் தங்கசாலைப் பக்கம் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். நாள் முழுக்க மிஷின் ஓடும் இடத்தில் மற்றவர்கள் காதோடு காதாகக் கத்திக்கொண்டிருக்க, அவரும் இன்னொரு காது கேளாத நண்பரும் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிதானமாகப் பேசிக்கொள்வார்கள். அங்கே யாருக்கு என்ன குறை?

அதே அப்பா ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிடுகிறார்கள். அவருக்குத் தெரியாது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கே அவர் ஊனமுற்றவராக ஆக்கப்படுகிறார். சுவரில் டோக்கன் நம்பர் எரிகிற ஒரு போர்டு இருந்தால் அந்தச் சிக்கல் அங்கேயே தீர்ந்தது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை (இந்தியா 2007-இல் அதை ஏற்றுக்கொண்டது) சொல்வதும் இதைத்தான்: உடலில் உள்ள குறையும் சுற்றியுள்ள தடைகளும் மனப்போக்குகளும் சேரும் இடத்தில்தான் ஊனம் உண்டாகிறது. அதே உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு சைகை மொழிகளையும் காது கேளாதோர் பண்பாட்டையும் பெயர் சொல்லி, அவற்றை அங்கீகரித்து ஆதரிக்க வேண்டும் என்கிறது. ஊனம், மொழி என்று இரண்டு பக்கமும் ஒரே காகிதத்தில் இருக்கின்றன.

ஊரே சைகை பேசினால் என்ன ஆகும் என்பதற்கு நிஜமான உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் மார்த்தாஸ் வின்யார்டு என்று ஒரு தீவு. அங்கே ஒரு காலத்தில் பரம்பரையாகக் காது கேளாமை அதிகமாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சில்மார்க் என்ற ஊரில் 25 பேருக்கு ஒருவருக்குக் காது கேட்காது. அதனால் காது கேட்பவர்களும் சின்ன வயதிலேயே சைகை கற்றுக்கொண்டார்கள். மீன்பிடிப்பு, கல்யாணம், ஊர்க் கூட்டம், வியாபாரம் எல்லாவற்றிலும் காது கேளாதவர்கள் மற்றவர்களோடு மற்றவர்களாக இருந்தார்கள்.

காது கேட்காததால் எந்த இழப்பும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் பின்னால் வரும் கன்டெய்னர் லாரியின் ஹாரன், ஊரே சைகை கற்றாலும் கேட்காதுதான். ஆனால் இவ்வளவு வருடம் இந்த மக்களோடு இருந்து பார்த்ததில், ஒரு ஆளை நிஜமாக முடக்கிப்போடுவது காது கேளாமை இல்லை. மொழியே கிடைக்காமல் வளர்வதுதான். கீழே உள்ள பதில்களில் பாதி இதைப் பற்றித்தான் இருக்கும்.

காது கேளாதோர் பண்பாடு என்று தனியாக என்ன இருக்கிறது? அவர்களும் இதே இட்லி, இதே தீபாவளிதானே?

இட்லி, தீபாவளி எல்லாம் அதேதான். வாழும் முறை கண்ணை நம்பி அமைந்திருக்கிறது, அங்கேதான் வித்தியாசம் தொடங்குகிறது.

எங்கள் வீட்டில் காலிங்பெல்லை அழுத்தினால் கூடத்தில் பல்பு எரியும். அம்மா சமையலறையில் திரும்பி நின்றால், தரையை இரண்டு முறை காலால் தட்டினால் போதும், அதிர்வில் திரும்பிவிடுவார். கொஞ்சம் தள்ளி இருப்பவரைக் கூப்பிட லைட் சுவிட்சைப் போட்டு அணைப்போம். தோளைத் தட்டிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு இல்லை. பேசும்போது கண்ணை வேறு பக்கம் திருப்புவதுதான் மரியாதைக் குறைவு. நடுவில் காதைப் பொத்திக்கொண்டதாக அர்த்தம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ராத்திரியில் கரண்ட் போனால் தெருவே திண்ணைக்கு வந்து பேச ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். அம்மா அவசரமாக மெழுகுவத்தி தேடுவார். வெளிச்சம் வருவதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்றால் அப்பா என் கையைப் பிடித்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டு சைகை போடுவார். விரல்களைத் தொட்டுப் புரிந்துகொள்வேன். டார்ச் கிடைத்தால் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பேசுவார், கையின் நிழல் சுவரில் பெரிதாக ஓடும்.

அப்புறம், பெயர். காது கேளாதவர்களின் வட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்ச் சைகை உண்டு. நாமே வைத்துக்கொள்ள முடியாது. அவர்களில் ஒருவர் பார்த்துத் தர வேண்டும். கன்னத்து மச்சம், சுருள் முடி, நெற்றித் தழும்பு, எப்போதும் கண்ணாடியைத் தூக்கிவிடும் பழக்கம் என்று எதுவும் பெயராகலாம். நம் காதுக்கு இது கேலி மாதிரி தோன்றும். அவர்களுக்கு அது வெறும் அடையாளம். "குண்டாகிவிட்டாய்", "முடி கொட்டிவிட்டது" என்று பார்த்ததும் சொல்வதும் அப்படித்தான், சுற்றி வளைக்கும் பழக்கம் இல்லை.

கைதட்டுவதற்குப் பதிலாக இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டுவார்கள். விடைபெறுவது லேசில் முடியாது. வாசலில் ஒரு மணி நேரம், தெருமுனையில் விளக்குக் கம்பத்தின் கீழ் இன்னும் அரை மணி நேரம். போன் இல்லாத காலத்தில் அடுத்த சந்திப்பு வரை சேதி தெரிய வழியே இல்லை என்பதால் வந்த பழக்கம் இது. வீடியோ கால் வந்த பிறகும் மாறவில்லை.

கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்தில் ஒரு சாயங்காலம் கவனித்துப் பாருங்கள். இந்தப் பிளாட்பாரத்தில் ஒருவர், எதிர்ப் பிளாட்பாரத்தில் இன்னொருவர், நடுவில் தண்டவாளம். கூட்டம், மைக், சரக்கு ரயிலின் சத்தம் எதுவும் அவர்கள் பேச்சைத் தொடாது. ரயில் நடுவே வந்து நின்றால் மட்டும் வாக்கியம் பாதியில் நிற்கும். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். காது கேட்கும் நாம் அந்த இடத்தில் அப்படிப் பேச முடியுமா?

சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றுதானே?

இல்லை. இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஆங்கிலம் பேசினாலும் அவற்றின் சைகை மொழிகள் வேறு வேறு. அமெரிக்கர்கள் ஆங்கில எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள், நம்மவர்கள் இரண்டு கையால். இந்தியச் சைகை மொழியும் பாகிஸ்தானில் பேசுவதும் மிக நெருங்கியவை. ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி சொற்கள் கொஞ்சம் மாறும். டெல்லிக்காரர் போடும் சில சைகைகளைச் சென்னையில் இன்னொரு முறை கேட்டுத்தான் புரிந்துகொள்வார்கள். ஆனாலும் பேச்சு ஓடிவிடும்.

அது தமிழைக் கையால் பேசுவதுதானே? இலக்கணமெல்லாம் இருக்குமா என்ன?

தனி இலக்கணம் இருக்கிறது. கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். "நாளைக்கு எங்கே போகிறாய்?" என்பது "நாளை – நீ – போ – எங்கே" என்று வரும். காலத்தைக் குறிக்கும் சொல் முதலில் வந்துவிடுவதால் வினைச்சொல் காலத்துக்காக மாறத் தேவையில்லை. முகமும் இலக்கணத்தில் சேர்த்தி. "சாப்பிட்டாய்" என்பதற்கும் "சாப்பிட்டாயா?" என்பதற்கும் கையில் வித்தியாசம் இருக்காது, புருவம் உயர்ந்து தலை லேசாக முன்னால் வந்தால் அது கேள்வி. அதனால்தான் முகக்கவசம் போட்ட கொரோனா காலம் இவர்களுக்கு இரட்டைத் தண்டனையாக இருந்தது.

சைகை மொழிகளுக்கும் பேச்சு மொழிகளைப் போலவே உள்ளமைப்பு உண்டு என்று வில்லியம் ஸ்டோக்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960-இல் எழுதிக் காட்டினார். நிகராகுவாவில் 1970-களின் கடைசியில் புதிதாகத் திறந்த பள்ளிகளில் ஒன்று சேர்ந்த காது கேளாத குழந்தைகள், யாரும் சொல்லித்தராமல் தங்களுக்குள் ஒரு முழு மொழியையே உருவாக்கிவிட்டார்கள். இந்தியாவில் சைகை மொழி ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் என்று மத்திய அரசு நிறுவனம் டெல்லியில் 2015-இல்தான் தொடங்கியது. அவர்கள் 2018-இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அந்தச் செய்தியை அம்மாவுக்குக் காட்டினேன். இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்.

உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்களாமே?

கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் "படம்", "மடம்" என்று சொல்லிப் பாருங்கள். "பாட்டி", "மாட்டி" என்று சொல்லுங்கள். உதட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது. க, ங, ள, ண எல்லாம் வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். உதட்டைப் படிப்பவர்கள் பாதிக்கு மேல் ஊகத்தில்தான் ஓட்டுகிறார்கள். எதிரே இருப்பவர் வெற்றிலை மென்றுகொண்டோ பெரிய மீசையோடோ இருந்தால் அந்த ஊகமும் போச்சு. தலையாட்டுகிறார் என்பதால் புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

என் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் என்ன செய்வது?

முதலில், இது உங்கள் தவறு இல்லை. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கின்றன. உங்களுக்கு முன் எத்தனையோ பேர் இதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, காத்திருக்காதீர்கள். "மாமாவும் லேட்டாகத்தான் பேசினான்", "ஆம்பளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்", "வசம்பு தேய்த்துவிடு" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்வார்கள். காதில் எண்ணெய் ஊற்றச் சொல்வார்கள், கூடவே கூடாது. பிறந்த குழந்தைக்கே எடுக்கக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. ஓ.ஏ.இ. என்பது காதில் சின்ன முனையை வைத்துச் சில நிமிடங்களில் முடிகிற முதல் சோதனை. அதில் சந்தேகம் வந்தால் தலையில் ஒட்டுமின்வாய் வைத்து, தூங்கும் குழந்தைக்கே எடுக்கும் பெரா சோதனை. ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மாதிரி பெரிய அரசு மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். பிறந்து 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் உதவி தொடங்குவது என்பதுதான் உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு. தாண்டிவிட்டது என்றால் இன்றைக்கே தொடங்குங்கள்.

மூன்றாவதை டாக்டர்கள் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் அழுத்திச் சொல்கிறேன். இன்றைக்கே குழந்தையோடு சைகையில் பேசத் தொடங்குங்கள். பால், வா, வேண்டாம், வலிக்குதா, அப்பா வந்தாச்சு. "சைகை பழகினால் வாய்ப் பேச்சு வராது" என்று பயமுறுத்துவார்கள். அது உண்மை இல்லை. ஒரு மொழி உள்ளே இருந்தால் அடுத்த மொழிக்கு அது வேர் பிடிக்க இடம் தரும். முதல் சில வருடங்களில் எந்த மொழியுமே கிடைக்காமல் போன குழந்தைக்குப் பின்னால் எவ்வளவு சொல்லித்தந்தாலும் முழுசாக ஈடாகாது. வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த ஒரு பையன், பத்து வயதில், தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதையே புரிந்துகொள்ள முடியாமல் நின்றான். புத்திசாலிப் பையன், சைக்கிளைப் பிரித்து மாட்டுவான். "நோய்", "ஆஸ்பத்திரி", "திரும்பி வருவார்" என்று அவனிடம் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் ஒரு சைகை தெரியாது. காது கேளாமை அந்தப் பையனுக்குச் செய்ததைவிட வீட்டின் மௌனம் செய்ததுதான் அதிகம்.

காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கச் சொல்கிறார்கள். நீங்கள் அதற்கு எதிரா?

இல்லை. முடிவு உங்களுடையது. தெரிந்துகொண்டு எடுங்கள், அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சையில் உள்காதின் நத்தைச் சுருளுக்குள் மெல்லிய மின்முனைக் கம்பியை வைப்பார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு கருவி சத்தத்தை வாங்கி, தலைத்தோலின் மேல் காந்தத்தால் ஒட்டும் வட்டு வழியாக உள்ளே அனுப்பும். நரம்புக்குப் போவது மின் துடிப்புதான். மூளை அதைச் சத்தமாகப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் வைத்தால் அது எளிது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைச் செய்கிறார்கள். நல்ல திட்டம்.

ஆபரேஷன் முடிந்த அன்றைக்குக் குழந்தை "அம்மா" என்று கூப்பிடும் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் உடைந்துபோகிறார்கள். பேச்சுப் பயிற்சி வருடக்கணக்கில் போகும். மீஞ்சூரிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சிக்குக் குழந்தையைத் தூக்கி வரும் தினக்கூலி அம்மாவுக்கு ஆபரேஷனைவிடப் பெரிய செலவு போன சம்பளம்தான். பேட்டரி, ஒயர், பிறகு ஒருநாள் வெளிக்கருவியையே மாற்றுவது என்று செலவு இருக்கிறது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சில குழந்தைகள் நன்றாகப் பேசுகிறார்கள், சிலருக்கு அவ்வளவாக வருவதில்லை. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கருவியைக் கழற்றிவிடுவோம், அப்போது அந்தக் குழந்தை காது கேளாத குழந்தைதான். அதனால் இம்ப்ளான்ட் வைத்த குழந்தைக்கும் சைகை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிறகு ஏன் வயதான காது கேளாதவர்கள் இதையெல்லாம் கோபமாகப் பார்க்கிறார்கள்?

"சரி செய்கிறோம்" என்ற பெயரில் அவர்கள் பட்டது கொஞ்சமில்லை. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடியது. சைகையை வகுப்பறையிலிருந்து நீக்கி வாய்ப் பேச்சை மட்டும் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஓட்டுப் போட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் காது கேட்பவர்கள். அந்தத் தீர்மானம் உலகம் முழுக்கப் பரவி, நூறு வருடத்துக்கு மேல் பள்ளிகளை ஆட்டிவைத்தது. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டின் வாரிசுகள்தான் அதற்கு வருத்தம் தெரிவித்தார்கள்.

என் அம்மா படித்த பள்ளியிலும் வகுப்பில் சைகை போட்டால் ஸ்கேல் அடி, அப்புறம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். டீச்சரின் கழுத்தில் கையை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்த்து "பா, பா, மா, மா" என்று ஒரே எழுத்தை மாதக்கணக்கில் சொன்னதுதான் பாடம். கணக்கு, சமூக அறிவியல் எல்லாம் ராத்திரி ஹாஸ்டலில் பெரிய அக்காக்கள் ஜன்னல் வெளிச்சத்தில் சைகையில் சொல்லிக்கொடுத்தது. அம்மாவுக்கு இன்றைக்கும் பஸ்ஸில் சைகை பேசத் தயக்கம் உண்டு. கையை மடியோடு வைத்துச் சின்னதாகப் போடுவார். சின்னவர்கள் அப்படி இல்லை, வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் கை வீசிப் பேசுகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்கிறார்களே, பிள்ளைக்கும் வந்துவிடாதா?

பெரும்பாலும் வருவதில்லை. நானே சாட்சி. காரணம் கர்ப்ப காலத்தில் தாய்க்கு வந்த ரூபெல்லா தொற்று, மூளைக்காய்ச்சல், குறைப்பிரசவம் போன்றவை என்றால் பரம்பரைக்கே போகாது. பரம்பரைக் காரணம் என்றாலும் அப்பா அம்மா இருவருக்கும் வெவ்வேறு மரபணுவாக இருந்தால் பெரும்பாலும் பிள்ளைக்குக் கேட்கும். ஜி.ஜே.பி.2 என்ற மரபணுவில் வரும் மாற்றம் இந்தியாவில் அதிகம். இருவருக்கும் அதே மரபணுவால் காது கேளாமை வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் வரும். உண்மையில், அந்த மாற்றத்தை வெளியே தெரியாமல் சுமக்கும் இரண்டு காது கேட்பவர்கள் ஒரே குடும்பத்துக்குள் கல்யாணம் செய்யும்போதுதான் ஆபத்து கூடுகிறது. நம்மூரில் அக்கா மகளையும் மாமன் மகனையும் கட்டிவைப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் அது.

டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் 1883-இல், காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணந்தால் மனித குலத்திலேயே காது கேளாத ஒரு கிளை உருவாகிவிடும் என்று எச்சரித்தார். அவருடைய அம்மாவுக்கும் மனைவிக்கும் காது கேட்காது. இத்தனை நெருக்கமாக இருந்தவருக்கே, வீட்டில் முழுசாகப் பேசிச் சிரிக்க ஒரு துணை வேண்டும் என்ற எளிய ஆசை தெரியவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

என் அப்பாவுக்கு ஃபேக்டரி வேலையில் காது போய்விட்டது. அவரும் இந்தச் சமூகத்தில் சேர்ந்தவரா?

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் வீடுகளில் இந்தக் கேள்வி நிறைய. பாய்லர், பிரஸ், கிரைண்டிங் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்கு ஐம்பது வயதில் டி.வி. சத்தம் கூடும், காதுக்குள் ஓயாத இரைச்சல் இருக்கும், பேரப்பிள்ளையின் பேச்சு பிடிபடாது. இவருக்கு இது பண்பாடு இல்லை, இழப்பு. தமிழில் பேசிச் சிரித்து வாழ்ந்தவர், அது கையைவிட்டுப் போகிறது. அவரிடம் போய் "இது ஊனமே இல்லை" என்று பேசுவது கொடுமை. ஹியரிங் எய்டு, எழுதிக் காட்டுவது, முகம் பார்த்து நிதானமாகப் பேசுவது, இவைதான் அவருக்கு உதவும்.

இன்னொன்று. இரைச்சலால் வரும் காது கேளாமை வேலையால் வரும் நோய்ப் பட்டியலில் இருக்கிறது, இழப்பீடு கேட்க வழி உண்டு. 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் தொழிற்சாலையில் உச்ச வரம்பு. ஆடியோகிராம் (எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனைத் தாள்) எடுத்து வைத்துக்கொண்டு இ.எஸ்.ஐ.யிலோ தொழிற்சங்கத்திலோ கேளுங்கள். இப்போது வேலைக்குப் போகும் தம்பிகள் காதுக்கவசத்தைக் கழுத்தில் மாட்டாமல் காதில் மாட்டுங்கள்.

ஊனம் இல்லை என்பவர்கள் சலுகை மட்டும் வாங்கலாமா?

இந்தக் கேள்வி கேட்கப்படும் தொனி எனக்குப் பிடிப்பதில்லை, ஆனாலும் பதில் சொல்கிறேன். வாங்கலாம், வாங்க வேண்டும். பள்ளி, வேலை, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் எல்லாம் காது கேட்பவர்களுக்காகவே கட்டப்பட்டிருக்கின்றன. அதில் விட்டுப்போனதற்கான ஈடு இது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் 1 சதவீதம் காது கேளாதோருக்கும் குறைவாகக் கேட்போருக்கும். அதற்கு 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று வேண்டும். தேசிய அடையாள அட்டைக்கு (யு.டி.ஐ.டி.) விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. ரயில்வே 50 சதவீதச் சலுகை தருகிறது, ஆனால் கேட்கவும் பேசவும் இரண்டுமே முடியாதவருக்குத்தான். கஷ்டப்பட்டு நாலு வார்த்தை பேசக் கற்றவருக்குக் கிடையாது. இந்த விதியை மாற்ற வேண்டும்.

பாராலிம்பிக்ஸில் காது கேளாதவர்களைக் காணோமே?

அவர்களுக்குத் தனிப் போட்டி இருக்கிறது, டெஃப்லிம்பிக்ஸ். 1924-இல் பாரிஸில் தொடங்கியது, பாராலிம்பிக்ஸைவிடப் பழையது. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பதில் விளக்கு. ஹியரிங் எய்டு, இம்ப்ளான்ட் கருவி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் களத்தில் இறங்க வேண்டும். மதுரை ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் பேட்மின்டனில் 3 தங்கம் வென்றார்.

புயல், வெள்ளம் வந்தால் இவர்களுக்கு எப்படித் தெரியும்?

பெரும்பாலும் தெரியாது. ஆட்டோவில் மைக் கட்டி "பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் எத்தனையோ தெருக்களில் தண்ணீர் நின்றது, கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அந்த மாதிரி ராத்திரியில் வாட்ஸ்அப் வீடியோவும் வெளிச்சமும் போன காது கேளாத குடும்பத்துக்கு வெளியுலகமே அறுந்துவிடும். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லும் பொறுப்பை ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச்சை அவர்கள் முகத்தில் அடிக்காமல் உங்கள் கையின் மேலும் முகத்தின் மேலும் அடியுங்கள். அப்போதுதான் நீங்கள் சொல்வது தெரியும்.

பக்கத்து வீட்டில் ஒரு காது கேளாத அக்கா இருக்கிறார். எப்படிப் பழகுவது?

முகத்துக்கு நேரே நில்லுங்கள், கத்தாதீர்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். போனில் தட்டிக் காட்டலாம். ஆனால் எல்லோருக்கும் எழுத்துத் தமிழ் சரளமாக வராது, அவர்களுக்கு அது இரண்டாவது மொழி, அதனால் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். இருவர் சைகையில் பேசும்போது நடுவில் கடக்க வேண்டியிருந்தால் தயங்கி நின்று மறைக்காமல் சட்டென்று கடந்து போங்கள். அவருடன் வந்தவரிடம் "இவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்காதீர்கள், அவரையே கேளுங்கள். அவருடைய சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க நிறுத்தாதீர்கள். அம்மாவின் கர்ப்பப்பையைப் பற்றி டாக்டர் சொன்னதை அம்மாவுக்குச் சொன்னபோது எனக்கு அந்த வார்த்தைகளுக்கு அர்த்தமே தெரியாத வயது. அது ஒரு பிள்ளை செய்ய வேண்டிய வேலை இல்லை.

நான் சைகை கற்க ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்குவது?

டெல்லி நிறுவனத்தின் அகராதி வீடியோக்கள் யூடியூபில் இலவசமாக இருக்கின்றன. சொற்கள் அங்கே கிடைக்கும், பேச்சு கிடைக்காது. பேச்சுக்குக் காது கேளாதவர்களிடமே போக வேண்டும். அந்தப் பக்கத்து வீட்டு அக்காவையே கேளுங்கள், நேரம் எடுத்துச் சொல்லித்தந்தால் அதற்குப் பணமும் கொடுங்கள். அது அவருடைய மொழி, அவருடைய உழைப்பு. முதல் நாளே ஆங்கில எழுத்துகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். "புரியவில்லை", "மெதுவாக", "இன்னொரு முறை", இந்த மூன்றையும் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பேசப் பேச வரும்.